செல்வி எடுத்துக் கொடுத்த அரம்

செல்வி, குமாரு,

இதை உங்கள் இருவருக்காகவும் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும். குமாரு, நீ இப்போதுதான் மூன்றாவது படிக்கிறாய். உனக்கு விவரம் வந்த பிறகு அக்கா படித்துக் காட்டுவாள்.

போன வாரம் செல்வியின் பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் நடந்தது. 'குடி நோயா, குற்றமா' என்று தலைப்பு. செல்வி நோய் கட்சி. ஒரு வாரமாக அடுப்புக்கு முன்னால் நின்று, நடுவர் அவர்களே, நடுவர் அவர்களே என்று பழகிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வரவில்லை. பள்ளிக்கூட மதில் ஓரமாக சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று மைக்கில் கேட்டேன். "எங்கள் அப்பாவே இதற்குச் சாட்சி. மருத்துவமனையில் இருபது நாள் படுத்திருந்து குணமாகி வந்தவர்" என்று, செல்வி, நீ சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம், பரிசாக வந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவிக்கொண்டே உன் அம்மாவிடம் ஒன்று கேட்டாயே, அது என் காதில் விழுந்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அன்னிக்கி நான் சாவியத் தேடி எடுத்தாந்து குடுத்திருந்தா மாமா பொழச்சிருப்பாரா? நான் அவசரத்துல அரத்த எடுத்து குடுத்துட்டேன். அரம் இரும்புல சேராதா?"

"போடி, போயி படி" என்றாள் அம்மா.

ஐந்து வருஷமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். உன் மாமா முனுசாமி எதனால் செத்தான் என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நீ தப்பான இரும்பைக் கொடுத்ததால் அல்ல. எதனால் என்று சொல்லத்தான் அந்த ஆஸ்பத்திரி நாட்களை முதலிலிருந்து எழுதுகிறேன்.

முனுசாமி உங்கள் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவன். நம் வீட்டிலேயே சாப்பிட்டு நம் வீட்டிலேயே படுப்பான். நீங்கள் அவனை மாமா என்பீர்கள், அவன் என்னை மாமா என்பான். நாங்கள் இரண்டு பேரும் மரம் அறுக்கிற ஜோடி. நைனார்பாளையம் பக்கத்தில் எந்தக் காட்டில் வேம்போ புளியோ சாய்த்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெரிய ரம்பம் அது. அதை இழுக்க மட்டும்தான் வேண்டும், தள்ளக் கூடாது. நான் இழுக்கும்போது அவன் விட்டுக்கொடுப்பான், அவன் இழுக்கும்போது நான் விட்டுக்கொடுப்பேன். பல் மழுங்கினால் அரம் போடுவதிலும் ஒரு முறை உண்டு. நடுப்பல்லில் சிவப்பு பெயிண்ட் வைத்திருந்தோம். அந்தப் பல் வரைக்கும் என் பக்கம் நான் தீட்டுவேன், அந்தப் பல்லிலிருந்து அவன் பக்கம் அவன் தீட்டுவான். அவனவன் கைக்கு அவனவன் பல். ஒருத்தர் பக்கத்தை ஒருத்தர் தொட மாட்டோம்.

காலையில் இரண்டு பேருக்கும் கை நடுங்கும். நடுங்குகிற கையால் ரம்பம் பிடிக்க முடியாது. ஒரு கிளாஸ் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். அதனால் அதைக் குடி என்றே நாங்கள் நினைக்கவில்லை. ரம்பத்துக்கு எண்ணெய் விடுகிற மாதிரி, வேலையில் ஒரு பங்கு என்று நினைத்தோம். சரக்குக்கும் குறைவில்லை. கல்வராயன் மலையில் வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பார்கள். காய்ச்சியதை லாரி டியூபில் நிரப்பி, தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். சாராயக்கடை மூடின காலத்திலும் டியூப் வந்துகொண்டுதான் இருந்தது.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் எனக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. மூத்திரம் கடுக்காய்த் தண்ணீர் மாதிரி போனது. காமாலை என்று அம்மா முடிவு கட்டினாள். நம் பக்கத்தில் காமாலைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம் ஏது? பக்கத்து ஊரில் பச்சிலை கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். கீழாநெல்லியை மோரில் கலக்கிக் கொடுத்து, பத்தியம் சொன்னார். உப்பு கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது, சாராயம் கூடவே கூடாது. "பத்தியம் முறிஞ்சா என்னக் கேக்காதீங்க" என்றார்.

அம்மா வைத்த பத்தியம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வெறும் கஞ்சியும் அவித்த சுரைக்காயும்தான். நான் வெளியே போகாமல் இருக்க என் சட்டை, துண்டு எல்லாவற்றையும் ஊறப்போட்டுவிட்டாள். நானும் உயிருக்குப் பயந்து ஒப்புக்கொண்டேன். பத்து வருஷமாக ஒரு நாள் விடாமல் குடித்தவன், அன்றைக்கு ஒரே நாளில் நிறுத்தினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம்.

மறுநாள் உடம்பு வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் கூரையிலிருந்து மரத்தூள் கொட்டியது. கொட்டின தூள் தரையில் விழுந்ததும் செவ்வெறும்பாகி என் மேல் ஏறியது. நான் தட்டித் தட்டி விட்டேன். அம்மா பார்த்தபோது அங்கே தூளும் இல்லை, எறும்பும் இல்லை. "இன்னாங்க பண்றீங்க, இன்னாங்க பண்றீங்க" என்று அவள் கத்தியது வரைக்கும் தெரியும். பிறகு வலிப்பு வந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டதுதான். பஸ் ஓடவில்லை. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். முனுசாமி பக்கத்து வீட்டு வண்டியைப் பூட்டி என்னைப் படுக்க வைத்தான். போகும்போது ரம்பத்தையும் எடுத்து வண்டியில் போட்டான். சின்னசேலம் சாலையில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயல். மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முனுசாமி இறங்கி, வண்டி போகிற அளவுக்கு ஒரு கிளையைக் கழிக்க ரம்பத்தை வைத்தான்.

ஒருத்தர் எழுந்து வந்தாராம். "டேய், நாங்க சனத்துக்காக வெட்டிப் போட்டுகினு கெடக்கறோம். நீ இன்னாடா அறுத்துகினு போற?"

"உங்களுக்கு எடம் கெடைக்கட்டும்ணா. எனுக்கு எங்க மாமா கெடைக்கணும். வண்டிய வந்து பாரு."

அவர் வந்து பார்த்தார். என் வாயில் நுரை. பார்த்தவர் ரம்பத்தின் மறுபக்கத்தைப் பிடித்தார். அவருக்குப் பழக்கமில்லை, தள்ளினார். "தள்ளாதண்ணா, இழு. இழுத்துட்டு வுட்டுடு" என்று முனுசாமி அந்த அவசரத்திலும் சொல்லிக்கொடுத்தானாம். அப்படி ஒன்றல்ல, கள்ளக்குறிச்சி போவதற்குள் மூன்று மரம். ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர் மறுபக்கம் பிடித்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றி நல்லது கெட்டது சொல்ல எனக்குப் படிப்பு போதாது. என் வண்டிக்கு வழி விட்டார்கள் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

எனக்கு நினைவு திரும்பியபோது கைகால் நான்கையும் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கையில் குளுக்கோஸ் ஊசி. தலைமாட்டில் அம்மா. இரண்டு நாள் ஆகிவிட்டிருந்தது. அந்த இரண்டு நாளும் நான் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "முனுசாமி, இழுடா" என்று கத்திக்கொண்டே இருந்தேனாம்.

ஆண்கள் வார்டில் அப்போது இடமே இல்லை. மறியல் கலாட்டாவில் அடிபட்டவர்கள் தரையில்கூடப் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தலையில் பெரிய கட்டோடு ஒருவர். களமருதூர்க்காரர். வார்டில் எல்லோரும் அவரைத் தலைக்கட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். நான் கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"முழிச்சுகினியா? நாங்க ஒதை வாங்கிகினு வந்து கெடக்கறோம். நீ குடிச்சுட்டு வந்து கெடக்கற. ரெண்டு பேருக்கும் ஒரே குளுக்கோஸு. நல்லா கீதுயா நாயம்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் எல்லோரிடமும் காமாலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். நான் கத்தின கத்தலில் யார் நம்புவார்கள்?

ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் எடுத்தார்கள். வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார்கள். பாண்டிச்சேரிக்கு அனுப்பலாமா என்று பேசி, சாலை இல்லாததால் விட்டுவிட்டார்கள். எங்கள் வார்டைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. கண்ணாடி போட்டு, ஒல்லியாக இருப்பார். வெளியூர். அவர்தான் ஒரு நாள் காலையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்கும் அம்மாவுக்கும் விளக்கினார்.

"இது தொற்றுக் காமாலை இல்லை. சாராயத்தால கல்லீரல் வீங்கிப்போச்சு, அதனால வந்த மஞ்சள். சரி, வலிப்பு ஏன் வந்தது? என்ன வேலை பண்றீங்க?"

"மரம் அறுக்கறதுங்க."

"ஒருத்தராவா?"

"நானும் எங்க மச்சானும்ங்க. ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்போம்."

"அவர் இழுத்துட்டு இருக்கும்போதே நீங்க திடீர்னு கையை விட்டா?"

"மல்லாக்க வுழுவாங்க."

"அதுதான் நடந்தது. சாராயம் ஒரு பக்கம் மூளையை அமுக்கி இழுக்குது. மூளை அதுக்கு ஈடா எதிர்ப் பக்கம் இழுத்துப் பழகிடுச்சு, பத்து வருஷமா. நீங்க சாராயத்தைச் சட்டுனு விட்டீங்க. மூளை மல்லாக்க விழுந்தது. அந்த விழுகைதான் நடுக்கம், எறும்பு, வலிப்பு எல்லாம். குடியை விடத்தான் வேணும். ஆனா இத்தனை வருஷம் குடிச்சவங்க, தானா வீட்டில ஒரே நாள்ல விடக் கூடாது. இங்க வந்து படுத்து, ஊசி மருந்து போட்டுக்கிட்டு விடணும். இது ஒரு வியாதி. வியாதியா நினைச்சுத்தான் பார்க்கணும்."

அம்மா அழுதாள். "அப்ப நான் வெச்ச பத்தியந்தாங்களா இவர சாவடிக்க இருந்தது?"

"தெரியாமத்தானேம்மா வெச்சீங்க."

"வியாதின்னா இவுரு வேணும்னே பண்ணலைங்களா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் தலைக்கட்டு குறுக்கே வந்தார். "இன்னா டாக்டரம்மா, வியாதின்னா தானா வரணும். இத இவுரு துட்டு குடுத்து வாங்கிகினாரு."

"நீங்க ராத்திரியெல்லாம் இருமுறீங்களே, அது எப்படி வந்தது?"

"அது பீடிங்க."

"பீடி என்ன, மரத்துல காய்ச்சுதா? இருமலுக்கு மருந்து வேணாம்னு எழுதிடட்டுமா?"

வார்டே சிரித்தது. தலைக்கட்டும் சிரித்தார். அன்றிலிருந்து அவர் என்னைக் கேலி பண்ணினாலும், அம்மா வெந்நீர் வாங்கப் போகும்போது என் பாட்டிலைப் பார்த்துக்கொள்வார். குளுக்கோஸ் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடுவார்.

வியாதி என்ற அந்த ஒரு வார்த்தையில் உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு தெம்பு வந்தது தெரியுமா? முந்தானையை எடுத்துவிட்டாள். வருகிறவர்கள் போகிறவர்களிடம் தலை நிமிர்ந்து, "அது ஒரு வியாதியாம், ஊசி போட்டா போயிடுமாம்" என்றாள். எனக்கும் அந்த வார்த்தை கம்பளி மாதிரி இருந்தது. இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதற்குள் போன பிறகு என்னை யாரும் அடிக்க முடியாது, ஏச முடியாது. ஆனால் ஒன்று எழுதியாக வேண்டும். ஊசி போட்டு நடுக்கம் நின்ற பிறகும், மஞ்சள் இறங்கத் தொடங்கின பிறகும், சாராயம் என்னை விடவில்லை. வலிக்கு இல்லை, நடுக்கத்துக்கு இல்லை, சும்மா வேண்டும். வேறு எந்த நினைப்பும் அதற்கு மேலே வராது. கஞ்சி குடிக்கும்போது அது. அம்மா முகம் துடைத்துவிடும்போதும் அது.

உங்களை முனுசாமி பார்த்துக்கொண்டான். காலையில் குமாருக்குப் பால் வாங்கிக் கொடுத்து, செல்வியைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கஞ்சியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு, பஸ் இருந்தால் பஸ், இல்லாவிட்டால் கிடைக்கிற வண்டி, அதுவும் இல்லாவிட்டால் நடை என்று தினமும் வருவான். ஒரு நாள் செல்வி தன்னுடைய சிவப்புச் சீப்பைக் கொடுத்தனுப்பியிருந்தாள். "அப்பாவுக்கு தல கலஞ்சிருக்கும், வாரிவுடுன்னா" என்றான். கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து எனக்குத் தலை வாரிவிட்டான். அவனுடைய கை நடுங்குவது என் தலையில் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை அவன் கிளம்பும்போது, அம்மா தூக்கைக் கழுவப் போயிருந்தாள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "ஒரே ஒரு வாய்டா. செத்துடுவன்டா." அவன் கையை உருவிக்கொண்டு போனான். வெளியே வராந்தாவில் டாக்டரம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மா வந்தார். அம்மா பன் வாங்க வெளியே போயிருந்தாள். தலைக்கட்டை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போயிருந்தார்கள். டாக்டரம்மா என்னிடம் குனிந்து சொன்னார்.

"உங்க மச்சான் நேத்து, எனக்கும் இந்த வியாதி இருக்குமான்னு கேட்டார். கையைப் பார்த்தேன், உங்களை மாதிரிதான். சேர்ந்துக்கோங்கன்னா, மாமா வீட்டுக்கு வரட்டும்னு ஓடிட்டார். அவர் உங்களைப் பார்த்துட்டுத் தானா நிறுத்திடுவார்னு எனக்குப் பயமா இருக்கு. நான் உங்களுக்குச் சொன்னதை அவருக்குச் சொல்லுங்க. தானா நிறுத்தக் கூடாது. இன்னிக்கு வந்தா அனுப்பாதீங்க. தலைக்கட்டு டிஸ்சார்ஜ் ஆறார், பக்கத்து பெட்டையே தரேன்."

"சரிங்க" என்றேன்.

மத்தியானம் முனுசாமி வந்தான். அம்மா துணி அலசக் குழாயடிக்குப் போனதும், துண்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் மருந்து பாட்டிலை எடுத்தான். வழி திறந்து மலையிலிருந்து மறுபடியும் டியூப் இறங்கியிருந்தது.

"இதான் மாமா கடைசி. நாளைக்கி வெள்ளிக்கெழம. கோயில்ல காப்பு கட்டிகினு நானும் வுட்டுடப் போறேன். நீ வூட்டுக்கு வர்றப்போ ரெண்டு பேரும் சுத்தமா இருக்கணும். அக்கா பாவம்."

செல்வி, நான் மயக்கத்தில் இல்லை. ஊசி வேகத்தில் இல்லை. என் கை நடுங்கவில்லை. டாக்டரம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை என் மனதில் இருந்தது. நான் பாட்டிலை வாங்கினேன். குடித்தேன். குடித்துக்கொண்டே நினைத்தேன்: இவன் இந்தப் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்துவிட்டால் எனக்கு யார் கொண்டுவருவார்கள்? வெளியே இருந்தால், அவன் தொடாவிட்டாலும், நான் கெஞ்சினால் கொண்டுவருவான். என் பேச்சைத் தட்ட மாட்டான்.

"நல்லதுடா. வுட்டுடு" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. காலிப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "பன்னு துன்னு மாமா, வாடை தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அவனை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

வெள்ளி, சனி இரண்டு நாளும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பி, வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது உனக்குத்தான் தெரியும். நீ அப்போது நாலாவது படித்தாய். உன் மாமா கூரையைப் பார்த்து, "தூளு கொட்டுது பாரு" என்றான் என்று நீ பிறகு அம்மாவிடம் சொன்னாய். வலிப்பு வந்து விழுந்தான். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து, "கையில இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று கத்தினார்கள். நீ உள்ளே ஓடினாய். சாவி ஆணியில் இல்லை. ரம்பத்தோடு சொருகியிருந்த அரத்தை உருவி எடுத்துக்கொண்டு வந்து அவன் கையில் வைத்து, உன் இரண்டு கையாலும் அவன் விரலை மூடிப் பிடித்துக்கொண்டாய். ஒன்று நின்று இன்னொன்று, அது நின்று இன்னொன்று என்று வந்ததாம். லாரியில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை.

அதே ஆஸ்பத்திரியில், கீழே ஒரு அறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். மேலே நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. கீழே உங்கள் அம்மா போட்ட சத்தம் மாடிக்கு வந்தது. அவள் குரல் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து என் கட்டிலருகே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சொல்லச் சொன்னதைச் சொன்னீங்களா?"

"சொன்னேங்க டாக்டர். கேக்கலைங்க."

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த இடம் இன்றைக்கும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து, பதினாறாம் நாள் காரியத்தன்று நான் மறுபடி குடித்தேன். முனுசாமிக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு குடித்தேன். ஊர் முழுக்க என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. மூன்று மாதம் அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் நானாகவே பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டரம்மா முன்னால் நின்று, "சேத்துக்கோங்க" என்றேன். "திரும்பக் குடிக்கிறதும் இந்த வியாதியோட குணம்தான்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நீ பட்டிமன்றத்தில் சொன்ன இருபது நாள் அந்த இரண்டாவது தடவை. அதற்குப் பிறகு இன்று வரை தொடவில்லை. அவரிடம் உண்மையைச் சொல்ல நினைத்துப் போனபோது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

செல்வி, நீ நோய் கட்சியில் பேசினது சரி. நான் அனுபவித்தவன், சொல்கிறேன். அது நோய்தான். அடித்தால் போகாது, சத்தியம் வாங்கினால் போகாது, காப்புக் கட்டினால் போகாது. குடிக்கிறவனைக் குற்றவாளி என்று தள்ளினால் அவன் எங்கேயும் சொல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சாவான். உன் மாமா அப்படித்தான் செத்தான். ஆனால் அந்த வியாழக்கிழமை மத்தியானம் என் வாயை மூடியது நோயா, நானா? ஐந்து வருஷமாக யோசிக்கிறேன். சில நாள் நோய் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிற நாளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. அதனாலேயே அதை நான் நம்புவதில்லை. டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேனே, அப்போது பாட்டிலும் இல்லை, கொண்டுவர ஆளும் இல்லை. அது நான்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரும்பைப் பற்றியும் அந்த இரண்டாவது தடவை டாக்டரம்மாவைக் கேட்டேன். வலிப்புக்கு இரும்பு கொடுப்பதால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, சாவியானாலும் அரமானாலும் ஒன்றுதான் என்றார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சீக்கிரம் கொண்டுவர வேண்டுமாம். ஒன்பது வயசுப் பிள்ளை அவன் விரலை மூடிப் பிடித்துக்கொண்டாளே, அந்த ஒரு கைதான் அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த கை. டாக்டரம்மா சொன்னதை நான் கேட்டு வந்தும் உன்னிடம் சொல்லவில்லை. நீ இப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் என் தப்பு.

இதை எழுதுவதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவளுடைய தம்பி. அவளுக்கு முதலில் தெரிய வேண்டும். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டரம்மா சொன்னது எந்தக் கெழம?" என்று கேட்டாள்.

"வியாழன்."

வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரலை மடக்கினாள். பிறகு அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. வேளைக்குச் சோறு வைக்கிறாள். வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அவள் எப்போது பேசுவாளோ, பேசாமலே இருப்பாளோ, அது அவள் இஷ்டம். நீங்கள் போய் எதுவும் கேட்க வேண்டாம்.

நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் பள்ளிக்கூடம், அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். பரண் மேலிருந்து ரம்பத்தை இறக்கினேன். அவன் போன பிறகு அதைத் தொடவில்லை. பல்லெல்லாம் துரு. அரம் அதன் கூடவே கோணிச் சாக்கில் சுற்றியிருந்தது, நீ எடுத்துக் கொடுத்த அதே அரம். ரம்பத்தை இரண்டு கல்லுக்கு நடுவில் நிறுத்தி, என் பக்கத்திலிருந்து தீட்டத் தொடங்கினேன். சிவப்பு பெயிண்ட் பல் வந்ததும் நிறுத்தினேன். பெயிண்ட் பாதி உதிர்ந்திருந்தது.

பிறகு எழுந்து சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அவன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, அவன் பக்கத்து முதல் பல்லில் அரத்தை வைத்தேன்.